ஈஸ்ட் ஹாமில் கேட்ட ‘ஓம்’

1996 மே மாதம் எங்கள் கம்பெனி என்னை மூன்று வாரப் பயிற்சிக்கு லண்டனுக்கு அனுப்பியது. நூற்பாலைகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் கோயம்புத்தூர் கம்பெனி. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். திங்கள் முதல் வெள்ளி வரை பயிற்சி, சனி ஞாயிறு என் பாடு. லண்டன் போகிறவர்கள் மணிக்கூண்டு, அரண்மனை, மெழுகு பொம்மை என்று நீளமாகப் பட்டியல் போடுவார்கள். என் பட்டியலில் ஒரே வரிதான் இருந்தது: ஃபுமிகோ பியானோ வாசிப்பதை நேரில் கேட்க வேண்டும்.

ஃபுமிகோ யார் என்று கேட்பீர்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜப்பான்காரர், ஜாஸ் பியானோ வாசிப்பவர், 1983 முதல் லண்டன்வாசி. 1992-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பன் அவருடைய கேசட் ஒன்றைக் கொடுத்தான். அதில் கடைசியாக வரும் ஒன்பது நிமிட உருப்படிக்குப் பெயர் ‘ஓம்’. வலது கை நீளமாக எதையோ சொல்லிக்கொண்டே போகும். இடது கை சும்மா இருந்துவிட்டு, எப்போதாவது அடியில் ஒரே ஒரு தட்டுத் தட்டும். கேசட் அட்டையில் தங்க நிறத்தில் ஓங்காரம் போட்டு, கிழக்கின் ஆதி ஒலியில் மூழ்கிய ஒரு கலைஞரின் தவம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

நான் அதை அப்படியே நம்பினேன். நம்பிவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்து, விளக்கை அணைத்து, ஊதுபத்தி கொளுத்தி, கேசட்டைப் போட்டு அரை மணி நேரம் விளக்கம் சொல்வேன். இடது கை பிரம்மம், வலது கை மாயை என்றெல்லாம் அளந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் என் மனைவி சுமதிக்கும் அந்தப் பிரசங்கம் நடந்தது. முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “யாரோ போன் பேசற மாதிரி இருக்குங்க” என்றாள். இசை ஞானம் வர நாளாகும் என்று பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன்.

சுமதியைப் பற்றி இன்னொரு புகாரும் அப்போது இருந்தது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தங்க இடம் ஹரோவில், ஒரு வீட்டின் மாடி அறை. தெருமுனையில் டெலிபோன் கூண்டு. பத்துப் பவுன் அட்டையைச் செருகினால் கோவைக்கு ஏழெட்டு நிமிடம் பேசலாம். நான் பேசுவேன். ரயில், குளிர், ருசியே இல்லாத உருளைக்கிழங்கு என்று எல்லாம் சொல்வேன். மறுமுனையில் சுமதி “ம்” என்பாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு “ம்”. அட்டை தீரும்வரை அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்றால் ம், தூங்கினாயா என்றால் ம். கட்டிக்கொண்டு வந்த எட்டே மாதத்தில் நான் அலுத்துவிட்டேனா என்று யோசித்தபடி, குளிரில் நடந்து அறைக்குத் திரும்புவேன்.

கிளம்புவதற்கு முன்பே ஃபுமிகோவுக்கு இசைத்தட்டு கம்பெனி மூலமாகக் கடிதம் போட்டிருந்தேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை, வந்தது. மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஸ்ட்ரெதமில் ஒரு தேவாலயக் கூடத்தில் வாசிக்கிறேன், அதுதான் லண்டனில் என் கடைசி நிகழ்ச்சி, அதற்குப் பிறகு கோபே நகரத்துக்கே திரும்புகிறேன் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வேண்டுகோள்: “உங்கள் தாய்மொழி தமிழ் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ‘ஓம்’ என்ற சொல்லைக் கொடுத்தவர் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். பெயர் பவானி. அந்த இசையை அவர் இதுவரை கேட்டதில்லை. நான் போவதற்குள் ஒரு முறையாவது கேட்க வேண்டும். நான்கு தடவை அழைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ‘ஓம்’ என்கிறார், வருவதில்லை. நீங்கள் அழைத்து வருவீர்களா?”

அழைத்தால் ‘ஓம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும் ஒரு அம்மாள்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஈஸ்ட் ஹாமில் ஒரு துறவி இருக்கிறார் என்று முடிவு கட்டி, காதி கடையில் ஒரு சந்தன மாலை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

மே இரண்டாம் சனிக்கிழமை காலை 9.20-க்கு ஹரோ-ஆன்-த-ஹில் நிலையத்தில் மெட்ரோபொலிடன் லைன் பிடித்தேன். ஒரு நாள் முழுக்கச் சுற்றும் டிக்கெட் மூன்று பவுன் அறுபது பென்ஸ் என்று என் டைரி சொல்கிறது. வார நாட்களில் அந்த டிக்கெட்டைக் காலை 9.30-க்கு முன்னால் பயன்படுத்த முடியாது, சனி ஞாயிறுகளில் அந்தத் தொல்லை இல்லை. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனுக்கு மாறினேன். 10.40-க்கு ஈஸ்ட் ஹாம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நோர்த். ஒரு வாரமாக வெந்த காய்கறியைத் தின்றுகொண்டிருந்தவன் கண்ணில் முதலில் பட்டது நடைபாதைப் பெட்டியில் கிடந்த முருங்கைக்காய். அப்புறம் நகைக்கடை, சேலைக்கடை, தமிழில் பெயர்ப் பலகை. மணக்க மணக்க ஒரு தோசை சாப்பிட்டேன், இரண்டு பவுன். தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாகச் சம்பல் என்று சிவப்பாக ஒன்று வைத்தார்கள், காது வரைக்கும் காரம். ஃபுமிகோ கொடுத்த முகவரிக்கு அங்கிருந்து ஆறு நிமிட நடை. மடம் மாதிரி ஏதாவது இருக்கும் என்று பார்த்தால், மளிகைக்கடை.

கல்லாவில் முப்பத்து மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சேலைக்கு மேல் கார்டிகன், நெற்றியில் சின்னதாகத் திருநீறு, கையில் விலை ஒட்டும் மெஷின்.

“வணக்கமுங்க. பவானிங்கறவங்களைப் பார்க்கணும்.”

“ஓம்” என்றார் அவர்.

என் கை தானாகக் கூப்பிக்கொண்டது. “நீங்கதானுங்களா?”

“ஓம்.”

“ஃபுமிகோ அம்மா அனுப்பி வந்திருக்கேனுங்க.”

“ஓம் ஓம். இந்தியாவிலையிருந்து ஒருத்தர் வருவார் எண்டு சொன்னவ. அதுக்கு ஏன் தம்பி கையைக் கூப்பிக்கொண்டு நிக்கிறியள்?”

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “பவானி, முருங்கையிலை வந்திட்டுதோ?” என்றார்.

“ஓம்.”

“புதுசோ?”

“ஓம், விடியத்தான் வந்தது. உதிலை பாருங்கோ.”

சந்தன மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, முருங்கைக்கீரைக் கட்டுகளுக்கு நடுவில் நின்ற அந்த நிமிடத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்டிருக்கிறேன். ஆனால் அதில் அறிவிப்பாளர்கள் செந்தமிழில் பேசுவார்கள். யாழ்ப்பாணத்து வீட்டுத் தமிழை நான் அன்றுதான் முதல் முறையாக நேரில் கேட்கிறேன். பவானி அக்காவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் விலை ஒட்டும் மெஷினைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஓம் எண்டால் யெஸ் தம்பி. உங்கட ஆக்கள் ஆமா எண்டுவினம், நாங்கள் ஓம் எண்டுவம். அவ்வளவுதான் விசயம். அவவும் உப்பிடித்தான். நான் போனிலை ஓம் ஓம் எண்ட, கும்பிடுறன் எண்டு நினைச்சிட்டா. ஒருநாள், ஓம் எண்டால் என்ன எண்டு கேட்டா. நான் யெஸ் எண்டன். அவ, யெஸ், ஆனால் என்ன எண்டு திருப்பிக் கேட்டா. நானும் யெஸ் எண்டன். இது விளங்க ரெண்டு கிழமை போச்சுது.” கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம்.

“அப்புறம் ஏனுங்கக்கா கச்சேரிக்கு வர மாட்டேங்கறீங்க?”

“சனிக்கிழமை கடையை விட்டிட்டு எப்பிடி வாறது? எனக்கு மியூசிக்கும் விளங்காது. முகத்துக்கு நேரை மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் ஓம் எண்டுறது.” பிறகு கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினார். “அவ தந்த றெக்கோட்டை நான் மரியாதையா வைச்சிருக்கிறன், பாருங்கோ.”

பார்த்தேன். சாமித் தட்டில் முருகன், லட்சுமி, அவர்களுக்கு நடுவில் ஃபுமிகோவின் இசைத்தட்டு. தங்க ஓங்காரத்தின் மேல் குங்குமப் பொட்டு, மூலையில் ஒரு செவ்வந்திப் பூ.

“ஓம் போட்டிருக்குத்தானே, சாமிப் பாட்டு. எங்களிட்டை போட்டுக் கேக்கிற மெசின் இல்லை. எட்டு வருசமா பூ வைக்கிறன்” என்றார்.

இரண்டு பேரும் ஒரே அட்டையைப் பார்த்து ஏமாந்திருக்கிறோம். அந்த ஒற்றுமை எனக்குத் தைரியம் கொடுத்தது. பையிலிருந்து வாக்மேனை எடுத்து, கடைசி உருப்படிக்கு நாடாவை ஓட்டி, ஒலிவாங்கியை, இல்லை இல்லை, காதில் மாட்டுவதை அவரிடம் நீட்டினேன். (பதற்றம் இப்போது எழுதும்போதும் வருகிறது.) ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, மறு காதை வாடிக்கைக்காரர்களுக்கு விட்டுவிட்டு, வெண்டைக்காய் நிறுக்க ஆரம்பித்தார்.

இரண்டு நிமிடத்தில் வெண்டைக்காய் தராசிலேயே நின்றுவிட்டது. வரிசையில் நின்றவரிடம், “கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்லி மறு காதிலும் மாட்டிக்கொண்டார். ஒன்பது நிமிடமும் கேட்டார். கடைசியில் இடது கை மூன்று தட்டு குட்டையாகத் தட்டி, பிறகு ஒன்றை நீளமாக அழுத்தும். அந்த இடத்தில் அவர் முகம் சிவந்தது.

“தம்பி, இது மாமா வீட்டுப் பசேஜ்” என்றார்.

கதை இதுதான். பவானி அக்கா படிப்பதற்காக வந்து, ஈஸ்ட் ஹாமில் மாமா வீட்டில் இருந்தவர். 1986-இல் கொழும்புக்குப் போய்ச் சிவநேசன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பன்னிரண்டு நாள் கூட இருந்துவிட்டு லண்டன் திரும்ப வேண்டியதாயிற்று. கணவருக்கு விசா கிடைக்க மூன்று வருடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் கொழும்பிலிருந்து கூப்பிடுவார். போன் இருந்தது வாசல் நடையில், அதுதான் அக்கா சொன்ன பசேஜ். ஒரு பக்கம் மாமாவும் மாமியும் டிவி பார்க்கும் அறை, மறு பக்கம் வாடகைக்கு இருந்த ஃபுமிகோவின் அறை.

“அவர் எவ்வளவோ கதைப்பார். புது மாப்பிள்ளை, கதைக்கமாட்டாரோ? மாமா டிவியின்ரை சத்தத்தைக் குறைச்சுப்போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் என்னத்தைச் சொல்லுறது? எல்லாத்துக்கும் ஓம்தான். கடைசியிலை காசு முடியிற நேரம், நான் வருமட்டும் நீர் இருப்பீர்தானே எண்டு கேப்பார். அதுக்கும் ஓம்.” தராசில் நின்றுபோன வெண்டைக்காயைப் பையில் போட்டார். “மூண்டு வருசமும் நான் கல்லு மாதிரி இருந்தன் எண்டு அவர் இண்டைக்கும் சொல்லுவார். சிரிச்சுக்கொண்டு பகிடியாத்தான் சொல்லுவார். ஆனால் அது பகிடி இல்லை எண்டு எனக்குத் தெரியும்.”

“நீங்க சொல்லிப் புரியவைக்கக் கூடாதுங்களா?”

“அப்ப சொல்லாத ஆள் இப்ப சொல்லி என்ன எண்டு கேப்பார். நானும் விட்டிட்டன்.” வாக்மேனைத் திருப்பிக் கொடுத்தார். “வாற சனிக்கிழமை வாறன். அவரையும் கூட்டிக்கொண்டு வாறன். ஏனெண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

சந்தன மாலையை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுவதும் பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பகல் 1.40-க்கு ஈஸ்ட் ஹாம் நிலைய வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. சிவநேசன் அண்ணை மினிகேப் என்ற வாடகைக் கார் ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி, ஓயாத பேச்சு. அக்கா பின் இருக்கையில், நல்ல சேலை கட்டி, மடியில் ஒரு பையோடு இருந்தார். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஸ்ட்ரெதம் பதின்மூன்று மைல். ரயிலில் போவதென்றால் டிஸ்ட்ரிக்ட் லைனில் விக்டோரியா, அங்கிருந்து இன்னொரு ரயில், எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். காரில் கமர்ஷியல் ரோட், டவர் பிரிட்ஜ், பிரிக்ஸ்டன் வழியாக ஒரு மணி இருபது நிமிடம் பிடித்தது. ஆக, கார்தான் வேகம் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

பேச்சு தானாகவே அங்கே போனது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம், மனைவி கோவையில் என்றதும் அண்ணை உற்சாகமாகிவிட்டார்.

“போனிலை கதைக்கிறவவோ?”

“ம், ம்னு மட்டும் சொல்றாங்கண்ணே.”

“ஆ! அப்ப என்ரை கதையைக் கேளும். மூண்டு வருசம் தம்பி. மழையெண்டும் பாராமல் லைனிலை நிண்டு கோல் எடுப்பன். இவ ஓம் எண்டதைத் தவிர வேறை ஒரு சொல் கதைச்சிருந்தா நான் மொட்டை அடிக்கிறன். ஒருநாள் பரிசோதிச்சும் பாத்தனான். எனக்குக் காய்ச்சல் எண்டன், ஓம். காய்ச்சல் மாறிட்டுது எண்டன், அதுக்கும் ஓம்!”

நான் சிரித்தேன். காரின் சின்னக் கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் இறங்கும்போது அண்ணை எஞ்சினை நிறுத்தவில்லை. “நீங்கள் போட்டு வாங்கோ. இங்கை பார்க்கிங் கரைச்சல், நான் காருக்கை இருக்கிறன்.”

இவ்வளவு தூரம் வந்து, கேட்க வேண்டிய ஆள் காரிலேயே இருந்துவிட்டால்? அக்கா இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணை திரும்பிப் பார்த்தார்.

“என்ன, நானும் வரவேணுமோ?”

“ஓம்.”

“பாத்தீரோ தம்பி, ஒரு சொல்!” என்று புலம்பிக்கொண்டே இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

டிக்கெட் நான்கு பவுன். மடக்கு நாற்காலிகளில் நாற்பது பேர் இருப்பார்கள். ஃபுமிகோ மேடைக்கு வந்தார். சின்ன உருவம், குட்டை முடி, சாம்பல் நிறக் கால்சட்டை. நான்கு வருடமாகத் தவக்கோலத்தில் கற்பனை செய்து வைத்திருந்தவர், பால் கணக்குக் கேட்க வந்தவர் மாதிரி சாதாரணமாக நின்றார். எனக்கு உடனே அவரை இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது. விடைபெறும் நிகழ்ச்சி என்பதால், ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் கொஞ்சம் தன் கதையைச் சொன்னார்.

கோபேயில் அவர் அப்பா காபிக்கடை வைத்திருந்தாராம். நாள் முழுக்க ஜாஸ் இசைத்தட்டு ஓடும் கடை. அங்கே ஒரு சட்டம்: தட்டு சுற்றும்போது யாரும் பேசக் கூடாது. காபி வேண்டுமென்றால் விரலைக் காட்ட வேண்டும். வீட்டுப் பெண்ணுக்கும் அதே சட்டம்தான். “பதினெட்டு வருடம் நான் மனிதர்களை அவர்கள் மூச்சு விடுவதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்” என்றார். அந்தக் கடையைப் பற்றிய இசை மெல்லியது, நடுநடுவே நிறைய இடைவெளி விட்டு வாசித்தார்.

இருபது வயதில் ஒசாகாவில் ஒரு ஹோட்டல் கூடத்தில் வேலை. இன்னும் மெதுவாக வாசி, இன்னும் மெதுவாக என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். நான் வாசிக்கவே இல்லாதபோதுதான் அவருக்குத் திருப்தி வரும் என்று தெரிந்த அன்று லண்டனுக்கு டிக்கெட் எடுத்தேன் என்றார். இங்கே பகலில் பாலே நடனப் பள்ளியில் பியானோ. ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணுவதுதான் முதல் வருடம் அவருக்குத் தெரிந்த ஆங்கிலம். மாலையில் மதுக்கடைப் பின்னறைகளில் டிரம்ஸ்காரர், பேஸ்காரர் என்று இரண்டு பேரோடு சேர்ந்து ஜாஸ். 1988-இல் முதல் இசைத்தட்டு வந்தது, தங்க ஓங்காரத்தோடு. அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர்கள் எல்லாம் கிமோனோ கட்டி வரச் சொன்னார்கள், மேடையில் ஊதுபத்தி கொளுத்தட்டுமா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றதில் பாதி வாய்ப்பு போனது. ஊதுபத்தி என்றதும் நான் நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்துகொண்டேன். வராத அந்த மேடைகளுக்காக அவர் வாசித்தது துள்ளலான ஒன்று. துளிக்கூட வருத்தம் இல்லை அதில்.

முந்தைய வருடம் ஜனவரி நிலநடுக்கத்தில் கோபே கடையின் ஒரு பக்கச் சுவர் போய்விட்டது. அப்பாவும் இல்லை. தம்பி தனியாகச் சுவரை எழுப்பிக்கொண்டிருக்கிறான், பியானோ வைக்க இடம் விடச் சொல்லியிருக்கிறேன் என்றார். பிறகு எங்கள் வரிசையைப் பார்த்தார். பவானி அக்காவைக் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது.

“கடைசி உருப்படி. இதற்கு அட்டையில் தப்பான விளக்கம் இருக்கிறது. கம்பெனியிடம் சொன்னேன். ‘ஆமாம்’ என்ற பெயரில் எதுவும் விற்காது என்றார்கள். நான் குடியிருந்த வீட்டில் என் கதவுக்கு வெளியே டெலிபோன் இருந்தது. ஞாயிறுதோறும் ஒரு பெண் அதில் ஒரே ஒரு சொல்லைச் சொல்வாள். மொழி தெரியாததால் எனக்கு அந்தச் சொல்லின் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அது வேறு வேறாக இருந்தது. இடது கை அவள் சொன்னது, அதில் நான் எதையும் மாற்றவில்லை. வலது கை மறுமுனையில் இருந்தவர். அவர் பேசியது எனக்குக் கேட்காது, அதனால் நானே இட்டுக்கட்டினேன். தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.”

அண்ணை அதுவரை காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் நின்றது. அக்காவைப் பார்த்தார். அக்கா மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு வருடம் கேட்ட இசை அது, அன்றுதான் எனக்குக் காது திறந்தது. வலது கை வளவளவென்று எதையோ சொல்லும், இடது கை ஒரு ‘ஓம்’. சிரிப்பை அடக்கிய ஓம். பொய்க் கோபத்தில் ஒன்று. பயந்துபோய் அவசரமாக ஒன்று, அதுதான் காய்ச்சலுக்குச் சொன்னதாக இருக்க வேண்டும். உடனே நிம்மதியாக இன்னொன்று. பிரம்மமாவது மாயையாவது. முடிவு நெருங்கும்போது வலது கை தடதடவென்று வேகம் பிடிக்கும். அண்ணை தன்னை அறியாமல், “காசு முடியப்போகுது” என்று முணுமுணுத்தார். குட்டையாக மூன்று. பிறகு அந்த நீளமான ஒன்று. ஃபுமிகோ அதை அழுத்திய விரலை எடுக்காமல், சத்தம் தானாக அடங்கும்வரை காத்திருந்தார்.

மற்றவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் பக்கம் குனிந்தார்.

“அப்ப நீர் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தனீர்?”

“ஓம்” என்றார் அக்கா.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அது கடைசி ஓம், அந்த நீளமானது. எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கம் இல்லை.

அதற்குப் பிறகு தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அக்கா பையிலிருந்து இசைத்தட்டை எடுத்தார். எட்டு வருடக் குங்குமம் ஏறி ஓங்காரமே பாதி மறைந்திருந்தது. ஃபுமிகோ அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சந்தன மாலையையும் அக்கா கொண்டுவந்திருந்தார், அதை ஃபுமிகோவின் கழுத்தில் போட்டார். சரியான கழுத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பிறகு ஃபுமிகோ அண்ணையிடம், அப்போது உண்மையில் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். அண்ணை கூச்சத்தோடு, பெரும்பாலும் என்ன சாப்பிட்டேன் என்பதுதான் என்றார். “அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் அத்தனை சில்லறைச் சுரங்கள்” என்றார் ஃபுமிகோ.

திரும்பும் வழியில் அண்ணை பிரிக்ஸ்டன் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காதான் பேசிக்கொண்டு வந்தார்.

இதேபோல் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மேலே உள்ள விலைகளெல்லாம் 1996-இல் எழுதிய டைரியிலிருந்து எடுத்தவை, அவற்றை நம்பிப் பர்ஸைத் திறக்க வேண்டாம். ஈஸ்ட் ஹாமுக்குக் காலை பதினொன்றுக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்கு மேல் நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. சம்பலைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மே மாதம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சின்னக் கூடங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளுக்குப் பத்து நிமிடம் முன்னால் போனாலே முன்வரிசை கிடைக்கும், முடிந்ததும் கலைஞர்கள் நின்று பேசுவார்கள். அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

டெலிபோன் விஷயமும் ஒன்று உண்டு. நம் ஊர் நேரம் மே மாதத்தில் நாலரை மணி நேரம் முன்னால். மறுநாள் ஞாயிறு காலை பதினொன்றுக்கு ஹரோ கூண்டிலிருந்து கூப்பிட்டேன், கோவையில் மாலை மூன்றரை. சுமதிதான் எடுத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். “நீ சொன்னதுதான் சரி, அது போன் பேசறதுதான்” என்றேன்.

“ம்.”

“அப்பா ஹால்லதான் இருக்காரா?”

“ம்.”

“அம்மாவும்?”

“ம்.”

சுமதி வந்து எட்டு மாதமாகியும் எங்கள் வீட்டில் போன் எங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் இருக்கிறது. அட்டையில் இன்னும் நாற்பது பென்ஸ்தான் மிச்சம் என்று எண் ஓடிக்கொண்டிருந்தது.

“உனக்கு என்னைத் தேடுதா?” என்று கேட்டேன்.

பின்னால் அப்பா செய்தித்தாள் புரட்டுவது கேட்டது. பிறகு ஒரு “ம்” வந்தது. அது வேறு மாதிரி இருந்தது. அட்டை தீர்ந்த பிறகும் ரிசீவரை வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.